கை பழகிரும்லா

கூட்டுறவுத் தணிக்கையில் ‘தற்காலிகக் கையாடல்’ என்று ஒரு சொல் உண்டு. சங்கத்துப் பணத்தைச் செயலாளர் எடுத்துச் சொந்தச் செலவு பார்த்துவிட்டு, யாரும் கேட்பதற்குள் திரும்ப வைத்துவிட்டால் அதற்கு அந்தப் பெயர். பணம் முழுசாக இருக்கும். ரொக்கப் புத்தகமும் கையிருப்பும் பைசா பிசகாமல் ஒத்துப்போகும். வசூலான தேதிக்கும் வங்கியில் கட்டிய தேதிக்கும் நடுவே மட்டும் சில நாட்கள் விழுந்துகிடக்கும். அந்த நாட்களைத்தான் தணிக்கைக்காரன் தேடுவான். முப்பத்தொரு வருஷம் நான் அதைத் தேடிச் சம்பளம் வாங்கியவன்.

ஒரு செயலாளர் அடிக்கடி நினைவுக்கு வருகிறார். மனைவியின் ஆபரேஷனுக்காக வசூல் பணத்தில் கைவைத்து, ஒன்பதாம் நாள் கடன் வாங்கித் திரும்பக் கட்டிவிட்டார். “உள்ள வச்சிட்டேன் சார்” என்று மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரம் குரல் உடைந்தது. “வச்சிட்டீங்க, சரி. அந்த ஒன்பது நாள் யார் கணக்குல?” என்று கேட்டேன். அறிக்கையில் எழுதினேன். எழுதியது சரிதான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேட்டபோது என் குரலில் இருந்த சுத்தம் இப்போது என்னைக் கூச வைக்கிறது.

எங்கள் சபைகளில் ‘சாட்சி’ என்ற சொல் புழங்குகிற விதமே தனி. பெண் கொடுக்க விசாரிக்கும்போது ‘நல்ல சாட்சியுள்ள குடும்பம்’ என்பார்கள். உபவாசக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து தன் வியாதி நீங்கிய கதையைச் சொன்னால் ‘சாட்சி சொன்னார்’. ஒரு வீட்டுப் பையன் ஒயின்ஷாப் வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டால் அந்த வீட்டுக்கே ‘சாட்சி கெட்டுப்போச்சு’. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதால் இதிலுள்ள புரட்டு எனக்கு வெகு காலம் உறைக்கவில்லை. கோர்ட்டில் சாட்சி என்றால் கண்டதைக் கண்டபடி சொல்கிறவன். அவன் பேர் எடுத்தவனா பேர் கெட்டவனா என்பது அடுத்த பேச்சு. எங்கள் வாயில் அந்தச் சொல் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல பெயர் என்று அர்த்தம் மாறிவிட்டது. சொல்ல வேண்டியதாக இருந்தது, காப்பாற்ற வேண்டியதாக ஆகிவிட்டது.

இன்னொரு சொல், ‘இச்சையடக்கம்’. ஆவியின் கனிகளைப் பவுல் கலாத்தியருக்கு அடுக்கிச் சொல்லும்போது கடைசியாக வருவது. எங்கள் வேதாகமம் கொடுத்த சொல் இது. சபைக்கு வெளியே அதிகம் கேட்கமுடியாது. நான் கேட்ட பிரசங்கங்களில் இச்சை என்றால் குடி, சினிமா, பீடி, பெண். சில ஊழியக்காரர்களுக்கு நகையும். அடுத்தவர் பணம் அந்தப் பட்டியலில் வந்து நான் கேட்டதில்லை. பணத்தை எடுத்து ஓடுகிறவனைத் திருடன் என்றே சொல்லிவிடலாம், அவனுக்குப் பிரசங்கம் வேண்டாம். எடுத்துவிட்டு வைக்கிறவனுக்குத்தான் வேண்டும். ‘நம்மகிட்ட இருக்கிறதும் நம்முடையதும் ஒண்ணுதான்’ என்று மனசு சொல்கிற அந்த நைசான இடம்தான் இச்சையின் வீடு. அங்கே குடியும் இல்லை, கூத்தும் இல்லை. ஒரு பீரோ சாவி போதும்.

அப்பாவுக்கு இது தெரிந்திருந்தது.

திருநெல்வேலிச் சீமையில் தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். அப்பா தொடக்கப் பள்ளி வாத்தியார், சபைக் கணக்கும் அவர் கையில். ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையை ஆராதனை முடிந்ததும் கோயில்பிள்ளையும் அப்பாவும் எண்ணி, காக்கித் துணிப் பையில் போட்டுக் கட்டி, எங்கள் வீட்டு மரப்பெட்டியில் வைப்பார்கள். திங்கட்கிழமை சேகரத்துக்குப் போகும். எண்பது சதவீதம் சில்லறை. ஐந்து பைசா, பத்து பைசா, நாலணா. பையைத் தூக்கினால் மணல் மூட்டைபோல் கனக்கும்.

எனக்குப் பதினோரு வயசிருக்கும்போது, ஒரு ஞாயிறு ராத்திரி தங்கச்சிக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. விடிகாலை முதல் பஸ்ஸில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். வீட்டில் இருந்தது ஒற்றைப் பத்து ரூபாய் நோட்டு. அந்த பஸ் கண்டக்டர் நோட்டைப் பார்த்தால் இறக்கிவிடுகிறவர். அம்மா மரப்பெட்டியைக் காட்டினாள். “பத்து ரூவா நோட்டப் போட்டுட்டு பத்து ரூவாச் சில்லறைய எடுத்தா கணக்கு குறையவா போவுது?”

அப்பா கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. சட்டையை மாட்டினார். “குறையாதுதான்” என்றார். “ஆனா கை பழகிரும்லா.”

வெளியே தூறல். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கருப்பட்டி வியாபாரி வீட்டுக்கு நடந்தார். அது ஊருக்கு மேற்கே முக்கால் மைல். அம்மா தங்கச்சியை மடியில் போட்டுக்கொண்டு, அவர் போன பக்கம் பார்த்து வைதாள். நானும் மனசுக்குள் வைதேன். அவர் திரும்பி வரும்போது மணி ஒன்று தாண்டியிருக்கும். வேட்டி முழங்கால்வரை செம்மண். மடியிலிருந்து சில்லறையை எடுத்து அம்மா முன்னால் பாயில் வைத்தார். மரப்பெட்டிக்கும் அவருக்கும் நடுவே ஒரு கை தூரம்தான்.

அப்பா செய்தது சரியா என்று யாராவது என்னைக் கேட்டால், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். அம்மா சாகும்வரை அதையே சொன்னாள். ஆனால் அந்த ராத்திரி அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, எனக்குப் பாடம் சொல்ல நினைக்கவும் இல்லை. நான் முழித்திருந்ததே அவருக்குத் தெரியாது. அவர் உட்கார வைத்துச் சொன்ன புத்திமதிகள் எத்தனையோ; ஒன்றும் நினைவில்லை. வேட்டியில் ஒட்டிய செம்மண் நினைவிருக்கிறது.

தணிக்கை வேலைக்கு வந்தபின் மதுரை மாவட்டத்தில் திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் பல வருஷம் சுற்றினேன். அப்படித்தான் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமமும், அங்கே கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி. குமரப்பாவும் எனக்குள் வந்தார்கள். அவரைக் காந்தியப் பொருளியலாளர் என்கிறார்கள். இப்போது சூழலியல்காரர்கள் தங்கள் முன்னோடி என்கிறார்கள். இரண்டும் சரிதான். எனக்கு அவர் முதலில் ஒரு தணிக்கையாளர். தமிழ்க் கிறிஸ்தவம் இந்தத் தொழிலுக்குக் கொடுத்த ஆகப்பெரிய ஆள்.

1892இல் தஞ்சாவூரில் பிறந்தார். குடும்பப் பெயர் கார்னீலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம் நடத்தி, அமெரிக்கா போய் கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதி படித்தார். இந்தியாவின் வரிப்பணம் எங்கே போகிறது என்று அங்கே தோண்டப் போனவருக்கு, இந்தியாவின் ஏழ்மை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. சாம்ராஜ்யத்தின் கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்தார் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அந்தக் கையெழுத்துப் படியோடுதான் 1929 மே 9ஆம் தேதி சபர்மதிக்குப் போனார். கோட்டும் சூட்டுமாக, கையில் பிரம்போடு. சாணி மெழுகிய தரையில் மரத்தடியில் ஒரு கிழவர் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா தனக்குக் குறித்த நேரம் ஆகட்டும் என்று நின்றுகொண்டே இருந்தார். கிழவர்தான் காந்தி என்று தெரிந்ததும் பட்டுக் கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்தார். அந்தச் சூட்டு வாழ்க்கை அங்கே முடிந்தது. கார்னீலியஸ் என்ற பெயரை விட்டுக் குடும்பத்தின் பழைய பெயரை எடுத்துக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். கிறிஸ்துவை விடவில்லை.

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பூமி அதிர்ந்தது. நாடெங்கும் இருந்து நிவாரணப் பணம் திரண்டது. ராஜேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் கமிட்டிக்கு நிதி ஆலோசகராகக் குமரப்பாவைக் கூப்பிட்டார்கள். தொண்டர் சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தினப்படியை அவர் நிர்ணயித்தார். கமிட்டிக் கூட்டத்துக்குக் காந்தியும் அவர் கூட்டத்தாரும் பாட்னா வந்தார்கள். காந்தியின் ஆகாரம் உலகறிந்தது: பால், பழம். அந்தச் செலவை நிவாரண நிதி தாங்காது என்று குமரப்பா காந்தியின் செயலர் மகாதேவ் தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்தி தன்னைப் பார்க்க விரும்பியபோதும், கணக்கு முடிக்கிற அவசரத்தில் இருக்கிறேன், முன்னால் நேரம் குறிக்கவில்லையே என்றார்.

இதைச் சொல்லி ‘எவ்வளவு கறாரான மனுஷன்’ என்று மெச்சிவிட்டுப் போய்விடலாம். ஒரு தணிக்கைக்காரனாக எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. திருடனிடம் கணக்குக் கேட்பது சுலபம். அதிகாரியிடம் கேட்பது கஷ்டம், ஆனால் அதில் ஒரு வீரம் கிடைக்கிறது. நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். தான் யாருக்காகக் கோட்டையும் சம்பாத்தியத்தையும் கழற்றிப் போட்டு வந்தோமோ அவரிடம், தன் மனசு முழுக்க யார் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அவரிடம், ‘உங்கள் பாலுக்கு இந்தப் பணம் இல்லை’ என்று சொல்வதற்கு அடக்க வேண்டிய இச்சை வேறு. அது பணத்தாசை அல்ல. பிரியம். குருவுக்கு ஒரு கிளாஸ் பால் கொடுக்கவேண்டும் என்கிற நல்ல ஆசை. கெட்ட ஆசையை அடக்கச் சொல்லிக் கொடுக்க நமக்கு ஆயிரம் பேர் உண்டு. நல்ல ஆசை அடுத்தவர் பணத்தில் கைவைக்கும்போது தடுக்க ஆள் கிடையாது. அந்தச் செயலாளரின் கையும் மனைவிமேல் வைத்த பிரியத்தில்தான் நீண்டது. காந்தி கோபித்துக்கொள்ளவில்லை, அதுவே சரி என்று ஏற்றுக்கொண்டார். அப்படி ஏற்றுக்கொள்வதும் ஒரு அடக்கம்தான். மறுப்பவரும் மறுக்கப்படுபவரும் ஒரே அறையில் அகப்படுவது அபூர்வம்.

குமரப்பா சாந்தசொரூபி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கோபக்காரர். சாந்தமும் இச்சையடக்கமும் பவுலின் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவருக்கு ஒன்று கிடைத்தது, மற்றது கிடைக்கப் போராடினார். எனக்கு அது ஆறுதலாக இருக்கிறது.

அவர் செய்த இன்னொரு காரியம், எங்கள் சபைகளில் யாரும் சொல்லாத காரியம். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடக்கிறது. நிராயுதபாணிகளின் மண்டையில் லத்தி விழுகிறது. ஆள்கிறவர்கள் கிறிஸ்தவர்கள். இந்தியாவின் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு அப்போது தலைமை வகித்தவர் கல்கத்தாவில் இருந்த மெட்ரோபாலிட்டன் ஃபாஸ் வெஸ்ட்காட். குமரப்பா அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்: மலைப்பிரசங்கத்தை நம்புகிற சபை இதற்கு என்ன சொல்கிறது? பதில் வந்தது. குமரப்பாவுக்குத் திருப்தி தருகிற பதிலாக அது இல்லை. காந்தி சிறைக்குப் போனபின் ‘யங் இந்தியா’வை நடத்தி, இவரும் சிறைக்குப் போனார். தன் சபைக்கு எதிராகத் தன் சபையின் புத்தகத்தை வைத்தே சாட்சி சொன்னார் அவர். கண்டதைக் கண்டபடி சொல்கிற அந்தக் கோர்ட் சாட்சி. ‘வெளியில் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்’ என்கிற எங்கள் சாட்சி இல்லை. பிற்பாடு சிறையில் இருந்து அவர் எழுதி 1945இல் வந்த இயேசுவைப் பற்றிய புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பில், நடைமுறை முதலில் வரும், போதனை பிறகுதான் வரும். தலைப்பை அப்படி வைத்த மனுஷன் என்னமோ யோசித்துத்தான் வைத்திருப்பார்.

நல்ல பெயருக்கு உள்ள ஆபத்தைத் தெரிந்துகொள்ள குமரப்பா பிறந்த அதே தஞ்சாவூருக்கு இன்னும் நூற்றைம்பது வருஷம் பின்னால் போகவேண்டும். சுவார்ட்ஸ் ஐயர். 1750இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி. 1798இல் தஞ்சாவூரில் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனி மைசூர் ஹைதர் அலியோடு பேச ஆள் அனுப்பவேண்டியிருந்தது. கம்பெனிக்காரன் எவனையும் ஹைதர் நம்பத் தயாரில்லை. அந்தக் கிறிஸ்தவனை அனுப்பு, அவன் ஏமாற்றமாட்டான் என்று சொல்லிவிட்டார். ஹைதர் முஸ்லிம், கம்பெனிக்கு எதிரி. அவர் வாயிலிருந்து வந்த அந்தப் பேச்சுக்குமேல் ஒரு மிஷனெரிக்கு என்ன சாட்சி வேண்டும்?

சுவார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். வழிச்செலவுக்கென்று ஹைதர் முந்நூறு ரூபாய் கொடுத்தனுப்பினார். தனக்கு வேண்டாம் என்று அதைச் சென்னையில் கம்பெனி அரசாங்கத்திடம் ஒப்படைக்கப் பார்த்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதை முதலாகப் போட்டுவிட்டார். அப்பா இதைக் கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பார்.

என்னை நிறுத்துவது அடுத்த பக்கம். சுவார்ட்ஸை அனுப்பியது சென்னை கவர்னர் தாமஸ் ரம்போல்ட். இரண்டு வருஷத்தில் பதவி பறிபோய், முறைகேடான சம்பாத்தியத்துக்காக இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் வழக்குக்கு ஆளானவர். அப்படிப்பட்டவர் ஒரு நல்லவரின் முகத்தை வாங்கி மாட்டிக்கொண்டு சமாதானம் பேசினார். அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. அடுத்த வருஷமே ஹைதரின் படை கர்நாடகத்துக்குள் இறங்கியது. அப்போதும் சுவார்ட்ஸைத் தொடக்கூடாது என்று ஹைதர் தன் ஆட்களுக்குச் சொல்லியிருந்தார். அவர்மேல் கோபமில்லை. அவரை அனுப்பியவர்கள்மேல்தான்.

அந்தப் போர் நாட்களில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பட்டினி. வெளியே நெல் இருந்தது, கொண்டுவர ஆளில்லை. முன்னால் கொண்டுவந்தவர்களுக்கு ஒழுங்காகக் காசு கொடுத்திருந்தால்தானே. ராஜா கேட்டாலும் வரவில்லை, கம்பெனி கேட்டாலும் வரவில்லை. காசுக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் எழுதினார். சில நாளிலேயே ஆயிரம் மாடுகள் வந்துவிட்டன. எழுதினபடி காசும் கொடுத்தார். காவிரிக்கரைக் குடியானவன் அவருடைய மதத்தைப் பார்த்து மாட்டை ஓட்டிக்கொண்டு வரவில்லை. சொன்னால் கொடுப்பார் என்று ஓட்டிக்கொண்டு வந்தான். அந்த நெல்லைத் தின்று பிழைத்தவர்களில் ஊர்ஜனமும் உண்டு, கம்பெனிச் சிப்பாயும் உண்டு. யோக்கியனின் வார்த்தையை ஊர் நம்பினால், அந்த வார்த்தையின் நிழலில் யார் யாரோ வந்து ஒதுங்குகிறார்கள். சுவார்ட்ஸை நான் குறை சொல்லவில்லை. பசித்தவர்களுக்கு நெல் வரவழைத்தவரை என்ன சொல்ல? ஆனால் நல்ல பெயர் ஒரு கைமாற்று. யார் வேண்டுமானாலும் வாங்கிப் புழங்கலாம், பெயருக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாமலே. வெஸ்ட்காட்டுக்குக் கடிதம் எழுதியபோது குமரப்பா அந்தக் கைமாற்றைத்தான் நிறுத்தினார் என்று நினைக்கிறேன். கிறிஸ்துவின் பெயரை லத்திக்குக் கொடுக்கமாட்டேன் என்றார்.

தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் கோயிலுக்குள் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. சாகக் கிடக்கும் சுவார்ட்ஸின் கட்டிலருகே சரபோஜி மன்னர். லண்டனில் ஃப்ளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு சரபோஜியே செய்வித்தது. சரபோஜி கடைசிவரை இந்துவாக இருந்தவர். பிள்ளையாக இருந்தபோது தன்னைக் காத்த மனுஷனுக்கு அவர் வைத்த சாட்சி அது. மதம் மாற்ற வந்தவர், மாறாத ஒருவரின் மனசில் அப்படி இருந்திருக்கிறார். மிஷன் அறிக்கையில் இதை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

இப்போது என் கணக்கு.

ரிட்டயர் ஆனபின் நாங்கள் குடியிருக்கும் ஊர்ச் சபையில் என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். தணிக்கைக்காரர், யோக்கியர், சாட்சியுள்ள குடும்பம். ஒரு வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்து ஏலப்பணமும் காணிக்கையுமாக அறுபதாயிரத்துச் சொச்சம் என் வீட்டு பீரோவில் இருந்தது. கோயில் கூரை வேலைக்கென்று எடுத்து வைத்தது; கொத்தனார் வர ஒரு மாதம் ஆகும் என்பதால் வங்கியில் கட்டாமல் விட்டிருந்தேன். விட்டதே தப்பு. அந்த வாரம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். என் வைப்புத்தொகை முதிர மூன்று வாரம் இருந்தது. முன்னாலேயே எடுத்தால் வட்டி கொஞ்சம் போகும். அவ்வளவுதான் எனக்கு இருந்த நெருக்கடி. காய்ச்சல் இல்லை, ஆபரேஷன் இல்லை. கொஞ்சம் வட்டி.

நாற்பதாயிரம் எடுத்தேன். எண்ணி எடுத்தேன், சீட்டில் தேதி எழுதி உள்ளே வைத்தேன். யோக்கியமாக எடுப்பதாக அப்போது எனக்குத் தோன்றியது. பத்தொன்பதாம் நாள் பணத்தைத் திரும்ப வைத்துவிட்டுச் சீட்டைக் கிழித்துப்போட்டேன். யாருக்கும் தெரியாது. என் மனைவிக்குத் தெரியாது. கை நடுங்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு மறக்காதது. அப்பா சொன்னபடி அது பழகியிருந்தது. எப்போதிலிருந்து என்று யோசித்தேன். ஆபீஸ் பேனாவை வீட்டுக்குக் கொண்டுவந்ததில் இருந்தா, தணிக்கைக்குப் போன இடத்தில் வாங்கிக் கொடுத்த சாப்பாட்டைத் தினப்படியிலும் எழுதியதில் இருந்தா? இவை ஒன்றுக்கும் அறிக்கையில் பத்தி கிடையாது.

அந்த மாதக் கமிட்டியில் சொல்லிவிட்டேன். தேதி, தொகை, பத்தொன்பது நாள். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பிறகு செயலர் மெதுவாகச் சொன்னார், “அதான் வச்சிட்டீங்களே சார். இத இத்தோட விட்டுருவோம். வெளிய தெரிஞ்சா சபைக்கே சாட்சி கெட்டுரும்.” சபை ஐயரும் அதையே நினைத்தார் என்று முகத்தில் தெரிந்தது. என்மேல் உள்ள பிரியத்தில் சொன்னார்கள். எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த தம்பியின் கண் கலங்கியிருந்தது. சாட்சி கெடாமல் இருக்கவேண்டுமென்றால் நடந்ததைச் சொல்லக்கூடாது. அந்தச் சொல் எங்கள் கையில் எங்கே வந்து நிற்கிறது என்பதை அந்த மேஜையில்தான் முழுசாகப் பார்த்தேன். “வச்சிட்டேன், சரி. அந்தப் பத்தொன்பது நாள் யார் கணக்குல?” என்று கேட்டேன். அவர்களுக்குப் புரியவில்லை. புரிந்திருக்க வேண்டிய ஒருத்தர் எந்த ஊரில் இருக்கிறாரோ. தீர்மானப் புத்தகத்தை வாங்கி, ‘தற்காலிகக் கையாடல்’ என்று தலைப்புப் போட்டு என் கையாலேயே எழுதி, வட்டியும் கட்டிவிட்டு, பொறுப்பை விட்டேன். சில பேர் அதற்குப் பிறகு என்னோடு பழையபடி பேசுவதில்லை. சில பேர் பேச ஆரம்பித்திருக்கிறார்கள், தங்கள் கணக்குகளை.

ஏன் சொன்னேன் என்பதைக் கமிட்டியில் சொல்லவில்லை.

எங்கள் சபையில் கைப்பிடி அரிசி வழக்கம் இன்னும் இருக்கிறது. உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பது. இந்தியர் பணத்திலேயே ஊழியம் நடக்கவேண்டும் என்று 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அதைத் தாங்கியதில் இந்தப் பிடிகளுக்குப் பங்குண்டு. கொடுப்பதில் பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சோறு ஒரு பிடி குறையும், அவ்வளவுதான். அந்தக் குறைச்சலைத் தட்டில் பார்க்காமல், அரிசியாக இருக்கும்போதே எடுத்துவிடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கும் டிரம்மில் சனிக்கிழமைகளில் பெண்கள் வந்து கொட்டுவார்கள்.

எடுத்துப் பன்னிரண்டாம் நாள், ஒரு சனிக்கிழமை. நூறு நாள் வேலைக்குப் போய்வந்த ஒரு பாட்டி கலயத்தோடு வந்தார். எண்பது வயசு தாண்டியவர். ரேஷன் அரிசிதான். டிரம்மில் கொட்டிவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த இன்னும் கொஞ்சத்தை அவிழ்த்துப் போட்டார். எல்லா வாரமும் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

“அதுவா தம்பி” என்று வலது கையை விரித்து மடக்கிக் காட்டினார். விரல்கள் முழுசாக மடங்கவில்லை. உள்ளங்கை காய்ந்த எலுமிச்சைத் தோல்போல் சுருங்கியிருந்தது. “நான் நேர்ந்துக்கிட்டது கல்யாணமாகி வந்தப்ப உள்ள பிடி. இப்ப கை சின்னதாப் போச்சுல்ல. குறையுறத எடுத்துத் தனியா முடிஞ்சு வச்சுக்குவேன்.”

பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது.